அமெரிக்க கறுப்பர் போராட்டமும் ஆப்பிரிக்க விடுதலையும்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

ஸ்கூல் புக்ல மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாடம், மண்டேலா இன்னொரு பாடம், நடுவுல வேற என்னென்னமோ இருக்கும், அதனால ரெண்டும் தனித்தனி கதைன்னே மண்டையில பதிஞ்சிருது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரே ஆளுங்க அங்கயும் இங்கயும் கப்பல் ஏறி போயிட்டு வந்திருக்காங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் லெட்டர் குடுத்து அனுப்பியிருக்காங்க, சண்டையும் போட்டிருக்காங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதப் பத்தி பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள இங்க போட்டிருக்கேன். வரிசையாத்தான் படிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தது, இதுல என்ன கனெக்‌ஷன்?

ஒரு ஆளை எடுத்துக்கலாம், குவாமே நக்ருமா. கானா அப்போ கோல்ட் கோஸ்ட்ங்கிற பேர்ல பிரிட்டிஷ் காலனியா இருந்துச்சு. அங்கேர்ந்து 1935ல படிக்க அமெரிக்கா போறாரு. பென்சில்வேனியாவுல லிங்கன் யுனிவர்சிட்டி, கறுப்பர்களுக்காக ஆரம்பிச்ச காலேஜ் அது. கையில காசு கிடையாது. லீவுல நியூயார்க்ல கறுப்பர்கள் அதிகமா இருந்த ஹார்லெம் பகுதியில, தெருமுனையில மீன் வித்திருக்காரு, மீனைத் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் தடிப்பு வந்து அதையும் விட்டுட்டாரு. தங்க இடம் இல்லாத ராத்திரியில அஞ்சு சென்ட்டுக்கு சப்வே டிக்கெட் எடுத்து புரூக்ளினுக்கும் ஹார்லெமுக்கும் போயிட்டுப் போயிட்டு வந்து ட்ரெயின்லயே தூங்கியிருக்காரு. ஒருதடவ பஸ்ல வாஷிங்டன் போற வழியில பால்டிமோர்ல இறங்கி, ஒரு வெள்ளக்கார சர்வர்கிட்ட குடிக்க தண்ணி கேட்டாராம். அந்தாளு வெளிய இருக்குற எச்சில் துப்புற பாத்திரத்தக் காட்டி, உனக்கான இடம் அதுன்னு சொல்லிருக்கான். தன்னோட சுயசரிதையில நக்ருமாவே எழுதியிருக்காரு.

இந்த மனுஷன்தான் 1957ல கானாவோட பிரதமர். காலனியில பொறந்து, அமெரிக்காவுல பத்து வருஷம் கறுப்பனா வாழ்ந்து, திரும்பிப் போயி நாட்டுக்கு சுதந்திரம் வாங்கினவரு. இதுக்கு மேல கனெக்‌ஷனுக்கு நான் என்ன சொல்ல.

சும்மா ஒரு தகவல், நைஜீரியாவோட முதல் ஜனாதிபதி அசிகிவேயும் அதே லிங்கன் யுனிவர்சிட்டிதான். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், பின்னாடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆன தர்குட் மார்ஷல், எல்லாம் அங்க படிச்சவங்க.

இத யாரு ஆரம்பிச்சது?

'பான் ஆப்பிரிக்கன்'ங்கிற பேர்ல முதல் மாநாடு 1900ல லண்டன்ல நடந்துச்சு, கூட்டினது ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ்னு டிரினிடாட் வக்கீல். அமெரிக்காவுலேர்ந்து கறுப்பின அறிஞரும் எழுத்தாளருமான டுபாய்ஸ் வந்திருந்தாரு. ஆனா இதெல்லாம் படிச்சவங்க கோட்டு சூட்டு போட்டு பேசின கூட்டம். சாதாரண ஜனங்க கிட்ட கொண்டு போனது ஜமைக்காக்காரர் மார்கஸ் கார்வி. 1914ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு, 1916ல அமெரிக்கா போயி, 1919ல கறுப்பர்கள் கிட்டயே ஷேர் வித்து 'பிளாக் ஸ்டார் லைன்'னு கப்பல் கம்பெனியே ஆரம்பிச்சுட்டாரு. பிசினஸா பாத்தா படு தோல்வி. பழைய கப்பலுங்க, மோசமான கணக்கு, கடைசியில தபால் மோசடி கேஸ்ல ஜெயில், 1927ல நாடு கடத்திட்டாங்க. அவரோட பத்திரிகைய பல காலனிகள்ல தடை பண்ணாங்க, மாலுமிங்க ஒளிச்சு வெச்சு கொண்டு போய் சேத்தாங்க.

இதுல வேடிக்க என்னன்னா, ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கான்னு உயிர விட்ட கார்வி கடைசி வரைக்கும் அந்த மண்ணுல கால் வெச்சதே இல்ல. 1940ல லண்டன்லயே செத்துட்டாரு. ஆனா கானா கொடி நடுவுல இருக்குற கறுப்பு நட்சத்திரம் அவரோட கப்பல் கம்பெனி ஞாபகமா வந்ததுதான், கானா ஃபுட்பால் டீமுக்கும் அதே பேரு. வேர்ல்ட் கப் பாக்குறவங்க அடுத்த தடவ கவனிச்சுப் பாருங்க.

எத்தியோப்பியா விஷயம் என்ன?

1935ல முசோலினி எத்தியோப்பியா மேல படையெடுத்தான். அது கிட்டத்தட்ட யாருக்கும் அடிமையாகாம இருந்த ஆப்பிரிக்க நாடு, அதனால உலகம் பூரா இருந்த கறுப்பர்களுக்கு சொந்த வீட்ல கல்லு விழுந்த மாதிரி ஆயிருச்சு. ஹார்லெம்ல ஊர்வலம் போனாங்க. ஜான் ராபின்சன்னு ஒரு கறுப்பின அமெரிக்க பைலட் எத்தியோப்பியாவுக்கே போயி அவங்க விமானப்படையில வேலை பாத்தாரு. நக்ருமா அந்த சமயம் அமெரிக்கா போற வழியில லண்டன்ல இருந்தாரு, பேப்பர் விக்கிறவன் போஸ்டர்ல இந்த நியூஸ பாத்தப்போ மொத்த லண்டனும் தன் மேல போர் தொடுத்த மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு.

ஜார்ஜ் பேட்மோர்னு ஒரு பேரு அடிக்கடி வருதே, யாரு?

என்னைக் கேட்டா இந்த மொத்தக் கதைக்கும் போஸ்ட் ஆபீஸ் அவருதான். டிரினிடாட்ல பொறந்து, அமெரிக்காவுல படிச்சு, கம்யூனிஸ்ட் ஆகி மாஸ்கோ போயி பெரிய பொறுப்புல இருந்தாரு. ஸ்டாலின் ஆளுங்க ஐரோப்பிய நாடுங்க கூட சேர்றதுக்காக காலனி பிரச்சனைய ஓரங்கட்டுறாங்கன்னு சண்டை போட்டு வெளிய வந்தாரு. அப்புறம் லண்டன்ல ஒரு சின்ன ஃபிளாட். அங்க கிச்சன் மேசையில உக்காந்துதான் எழுதுவாரு, ஆப்பிரிக்காவுலேர்ந்து, வெஸ்ட் இண்டீஸ்லேர்ந்து யாரு லண்டன் வந்தாலும் அந்த மேசைக்கு வராம போக மாட்டாங்க. கூட வாழ்ந்த டோரத்தி பிசர் டைப் அடிப்பாங்க, சமைப்பாங்க, வந்தவங்களோட வாக்குவாதமும் பண்ணுவாங்க. அவங்க பேரு எங்கயும் பெருசா வர்றதில்ல, அது எனக்கு ஒரு வருத்தம்.

1945ல நக்ருமா லண்டன் போறதுக்கு முன்னாடி எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் பேட்மோருக்கு ஒரு லெட்டர் எழுதினாரு (ரெண்டு பேரும் டிரினிடாட்ல சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ்). லெட்டரோட சாரம் என்னன்னா, வர்ற பையன் பெரிய புத்திசாலின்னு சொல்ல முடியாது, ஆனா வெள்ளக்காரன ஆப்பிரிக்காவ விட்டுத் துரத்தணும்னு உறுதியா இருக்கான், முடிஞ்சத பண்ணு. நல்ல சிபாரிசு லெட்டர்!

அதே வருஷம் அக்டோபர்ல மான்செஸ்டர்ல அஞ்சாவது பான் ஆப்பிரிக்க மாநாடு. வந்தது மொத்தமே ஒரு 90 பேரு இருக்கும். செலவுல பெரும்பங்கு ராஸ் மக்கோனன்கிறவரோடது. அவரு பிரிட்டிஷ் கயானாக்காரர், மான்செஸ்டர்ல ஹோட்டல் நடத்திட்டு இருந்தாரு, போர் சமயத்துல வியாபாரம் நல்லா ஓடிருக்கு. அதாவது கல்லாப்பெட்டி காசுல நடந்த மாநாடு. மேடையில 77 வயசு டுபாய்ஸ், கூட்டத்துல நக்ருமா, கென்யாவோட ஜோமோ கென்யாட்டா. பிரிட்டிஷ் பத்திரிகைங்க பெருசா கண்டுக்கவே இல்ல. இருபது வருஷத்துக்குள்ள அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்க நாடு நாடா ஆள ஆரம்பிச்சுட்டாங்க.

கிங் ஆப்பிரிக்கா போனாரா?

போனாரு. 1957 மார்ச் 6, கானா சுதந்திர நாள், அக்ராவுல. அலபாமா மாநிலம் மாண்ட்கோமெரியில, பஸ்ல கறுப்பர்களைப் பிரிச்சு உக்கார வெச்சத எதிர்த்து கிங் தலைமையில பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்து ஜெயிச்சு ரெண்டு மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அவருக்கு வயசு 28. மனைவி கொரெட்டாவோட போனாரு. நள்ளிரவுல நக்ருமாவும் மத்த தலைவர்களும் ஜெயில்ல போட்டிருந்த தொப்பிய போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க. பழைய கொடி இறங்கி புதுக் கொடி ஏறுது, ஜனங்க 'ஃப்ரீடம் ஃப்ரீடம்'னு கத்துறாங்க. நான் அழுதுட்டேன்னு கிங் ஊருக்கு வந்து சர்ச்ல பிரசங்கம் பண்ணும்போது சொன்னாரு.

இன்னொரு கூத்து, அமெரிக்காவோட துணை ஜனாதிபதி நிக்சனும் அதே விழாவுக்கு வந்திருந்தாரு. சொந்த நாட்ல கிங்கால அவரைப் பாக்க முடியல, அக்ராவுல பாத்தாரு. அலபாமாவுக்கும் ஒருதடவ வாங்க, நாங்களும் இதே சுதந்திரத்தைத்தான் கேக்குறோம்னு சொல்லிட்டு வந்தாரு. (நிக்சன் அங்க ஒரு கறுப்பர்கிட்ட சுதந்திரம் எப்படி இருக்குன்னு கேட்டதாவும், அவரு எனக்கெப்படி சார் தெரியும், நான் அலபாமாக்காரன்னு சொன்னதாவும் ஒரு கதை உலாத்துது. நல்ல கதை, நடந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது.)

ஆரஞ்சு ஜூஸ் கதைன்னு சொல்றாங்களே, அது என்ன?

அதே 1957 அக்டோபர். கானாவோட நிதியமைச்சர் கோம்லா பெதேமா அமெரிக்கா வந்தாரு. கார்ல போற வழியில டெலவேர் மாநிலம் டோவர்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல நிறுத்தி, தனக்கும் தன் செக்ரட்டரி பில் சதர்லேண்டுக்கும் ஆரஞ்சு ஜூஸ் ஆர்டர் பண்ணாரு. காசும் குடுத்தாச்சு. ஜூஸ பார்சலா கட்டிக் குடுத்துட்டு, கறுப்பர்கள் உள்ள உக்காந்து குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் ஒரு நாட்டோட மந்திரின்னு அடையாள அட்டைய எடுத்துக் காட்டினாரு, மேனேஜரும் வந்து அதையேதான் சொன்னாரு. ஜூஸையும் நீயே வெச்சுக்கோ, மிச்சச் சில்லறையையும் நீயே வெச்சுக்கோ, இது இதோட முடியாதுன்னுட்டு வெளிய வந்துட்டாரு. இவரு யாருன்னா, ஏழு மாசம் முன்னாடி அக்ராவுல நிக்சனுக்கு விருந்து வெச்சவரு! விஷயம் பேப்பர்ல வந்ததும் ஜனாதிபதி ஐசனோவர் பதறிப் போயி வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு டிஃபன் குடுத்தாரு. அந்த செக்ரட்டரி சதர்லேண்ட் அமெரிக்க கறுப்பரு, போர் எதிர்ப்பாளர், 1953லயே கோல்ட் கோஸ்ட் போயி செட்டில் ஆனவரு. கானா மந்திரிக்கு நடந்தது அவருக்கு ஒண்ணும் புதுசில்ல, வெள்ளை மாளிகை டிஃபன்தான் புதுசு.

இது ஒரு ஆளோட நிக்கல. 1960ல மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு சுதந்திரம் வந்துச்சு, எல்லா நாட்டு தூதர்களும் நியூயார்க்ல ஐநாவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவுல கார்ல போயிட்டு வந்துட்டு இருந்தாங்க. அந்த ரூட் 40 ரோட்ல மேரிலாண்ட் ஹோட்டல்காரங்க ஒருத்தருக்கும் சாப்பாடு போட மாட்டேன்னாங்க, 1961ல சாட் நாட்டுத் தூதரையே வெளிய அனுப்பிட்டாங்க. கென்னடி அரசு இதுக்குன்னு ஆள் போட்டு கடை கடையா போயி கெஞ்ச வேண்டியதாச்சு.

அப்போ பால்டிமோர்ல ஒரு கறுப்பர் பத்திரிகையில வேலை பாத்த மூணு ரிப்போர்ட்டருங்க செம வேலை பண்ணாங்க. 'கோபான்'னு இல்லாத ஒரு நாட்டை உருவாக்கி, அந்த நாட்டு பிரமுகர்கள் மாதிரி டிரெஸ் வாடகைக்கு எடுத்து, பெரிய கார்ல அதே ரோட்ல கிளம்பிட்டாங்க. முந்தின நாள் வரைக்கும் கறுப்பனுக்கு இடமில்லன்னு சொன்ன சில கடைங்கள்ல இவங்களுக்கு மரியாதையா சாப்பாடு வந்துச்சு. ஆப்பிரிக்கன்னா போடலாம், பக்கத்து ஊர் கறுப்பனுக்கு போட முடியாதாங்கிற கேள்விய அதுக்கு மேல எப்படி கேக்குறது.

அமெரிக்க அரசுக்கு ஏன் இவ்ளோ பதட்டம்?

பனிப்போர். ரஷ்யாக்காரன் ஆப்பிரிக்காவுல போயி, அமெரிக்காவுல கறுப்பன எப்படி நடத்துறான் பாருன்னு போட்டோவோட காட்டுவான். பள்ளிக்கூடத்துல நிறப் பிரிவினை கூடாதுன்னு 1954ல தீர்ப்பு வந்த வழக்குல கூட, இதனால வெளிநாட்டுல நம்ம மானம் போகுதுன்னு அரசுத் தரப்பே கோர்ட்ல எழுதிக் குடுத்துச்சு.

ரெண்டு போராட்டமும் ஒண்ணு சேந்தா என்ன ஆகும்னு நம்மள விட அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா மொதல்ல கை வெச்சது பாஸ்போர்ட்ல. பாடகர் பால் ரோப்சன் ஆப்பிரிக்க விடுதலைக்காக ஒரு அமைப்பே நடத்திட்டு இருந்தாரு, 1950லேர்ந்து 1958 வரைக்கும் அவரோட பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிருந்தாங்க. டுபாய்ஸுக்கும் பாஸ்போர்ட் குடுக்கல, வாழ்நாள் பூரா எதுக்காக எழுதினாரோ அந்த கானா சுதந்திர விழாவுக்கே அவரால போக முடியல. இதே வேலைய தென்னாப்பிரிக்காவும் பண்ணுச்சு, 1960ல அந்த ஊர்ப் பாடகி மிரியம் மகேபா தன் அம்மா சாவுக்கு ஊருக்குப் போகலாம்னு பாத்தா பாஸ்போர்ட் ரத்துன்னுட்டாங்க.

ஃபேனி லூ ஹேமர் கினி போன கதை?

எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். ஹேமர் மிசிசிப்பியில பருத்திக் காட்டுல வேலை பாத்தவங்க, வீட்ல 20 பிள்ளைங்கள்ல கடைசி. 1962ல ஓட்டுரிமைக்கு பேர் பதியப் போனதுக்காக 18 வருஷம் வேலை பாத்த பண்ணைய விட்டு அன்னிக்கே துரத்திட்டாங்க. 1963ல ஜெயில்ல போட்டு அடிச்ச அடியில கடைசி வரைக்கும் உடம்பு சரியாகல. 1964 ஆகஸ்ட்ல ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் போயி எங்க மாநிலத்துக்கு நாங்கதான் உண்மையான பிரதிநிதின்னு டிவி முன்னாடி பேசினாங்க. அந்தப் பேச்சு ஓடக் கூடாதுன்னு ஜனாதிபதி ஜான்சன் அவசர அவசரமா ஒரு பிரஸ் மீட் வெச்சாரு.

சோர்ந்து போயி இருந்த ஹேமரையும், அவங்க கூட ஓட்டுரிமைக்காகப் போராடின பசங்களையும் அடுத்த மாசமே பாடகர் ஹாரி பெலஃபான்டே கினிக்குக் கூட்டிட்டுப் போனாரு, மொத்தம் 11 பேரு. கினி யாருன்னா, 1958ல பிரான்ஸ் எங்க கூடவே இருக்கீங்களான்னு ஓட்டெடுப்பு வெச்சப்போ வேணாம்னு சொன்ன ஒரே காலனி. அந்தக் கோவத்துல பிரெஞ்சுக்காரன் போகும்போது ஃபைல், டெலிபோன் வரைக்கும் கழட்டிட்டுப் போயிட்டான். அங்க போன அன்னிக்கு ஹேமர் குளிச்சிட்டு இருக்காங்க, கதவத் தட்டி ஜனாதிபதி வந்திருக்காருன்னு சொல்றாங்க. விளையாடாதீங்க, நான் குளிச்சிட்டு இருக்கேன், எந்த ஜனாதிபதியையும் பாக்குற நெலமையில இல்லன்னு உள்ளேர்ந்து குரல். நெஜமாவே செகூ டூரே அவங்கள பாக்க நேர்ல வந்து உக்காந்திருந்தாரு. பின்னாடி அழுதாங்களாம், எங்க நாட்டு ஜனாதிபதிய பாக்க எவ்ளோ முயற்சி பண்ணோம், முடியல, இங்க ஒரு ஜனாதிபதி என்னைத் தேடி வர்றாருன்னு. பைலட்டா கறுப்பர், ஆபீசரா கறுப்பர்னு பாத்ததே அவங்களுக்கு அதுதான் முதல் தடவ.

மால்கம் எக்ஸ் என்ன பண்ணாரு?

மால்கம் எக்ஸ் கிங் காலத்து இன்னொரு கறுப்பினத் தலைவர், ஆனா வழி வேற. சிவில் ரைட்ஸ்னு (குடிமக்கள் உரிமைன்னு) கேக்குற வரைக்கும் இது அமெரிக்காவோட வீட்டு விவகாரம், மனித உரிமைன்னு கேட்டா ஐநாவுக்குக் கொண்டு போகலாம்னு சொன்னாரு. 1964 ஜூலையில கெய்ரோவுல ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்போட மாநாட்டுக்கே போயி, தலைவர்களுக்கு மனு எழுதிக் குடுத்தாரு. ஆதரவா தீர்மானம் போட்டாங்க, ஆனா அமெரிக்கா மேல கேஸ் போட ஒரு நாடும் முன்ன வரல, அமெரிக்கப் பணம் எல்லாருக்கும் தேவைப்பட்டுச்சு. நைஜீரியாவுல இபதான் யுனிவர்சிட்டி பசங்க அவருக்கு 'ஒமோவாலே'ன்னு பேரு வெச்சாங்க, வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைன்னு அர்த்தம்.

இதுல இந்தியாவுக்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டு, காந்தி கிங்க பாதிச்சாருங்கிறது எல்லாருக்கும் தெரியும். நக்ருமாவும் 1950ல காந்தி வழியிலதான் வேலைநிறுத்தம், புறக்கணிப்புன்னு ஆரம்பிச்சு ஜெயிலுக்குப் போனாரு. உள்ள இருந்தபடியே 1951 தேர்தல்ல ஜெயிச்சாரு. 1946ல தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கு எதிரான சட்டத்த இந்தியா ஐநாவுக்குக் கொண்டு போனப்போ, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஸூமாவும் நியூயார்க் வந்தாரு, ரோப்சனோட அமைப்பு அவருக்குத் துணையா நின்னுச்சு. அந்தச் சட்டத்த எதிர்த்து டர்பன்ல ஜெயிலுக்குப் போனவங்கள்ல தமிழர்களும் உண்டு.

ஆனா நான் முக்கியமா சொல்ல நெனைக்கிறது வேற. 1959ல கிங் இந்தியா வந்தப்போ திருவனந்தபுரத்துல தலித் பிள்ளைங்க படிக்கிற ஒரு ஸ்கூலுக்குப் போனாரு. ஹெட்மாஸ்டர் அவரை, அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்குற நம்மள மாதிரி ஒரு தீண்டத்தகாதவர்னு அறிமுகப்படுத்தினாரு. கிங்குக்கு மொதல்ல சுருக்குன்னு இருந்துச்சாம், அப்புறம் யோசிச்சுப் பாத்து ஆமா, நான் அதுதான்னு தோணுச்சாம். 1965ல ஒரு பிரசங்கத்துல அவரே சொன்னது. ரெட்டை டம்ளர் டீக்கடைங்க இருந்த ஊர்க்காரங்களுக்கு பெதேமாவோட ஆரஞ்சு ஜூஸ யாரும் வெளக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, மால்கம் எக்ஸ் சாகுறதுக்கு ஒம்பது நாள் முன்னாடி இங்கிலாந்துல ஸ்மெத்விக் போனாரு, வெள்ளக்காரங்களுக்கு மட்டும்தான் வீடுன்னு பிரச்சனை ஓடிட்டு இருந்த ஊரு. கூப்பிட்டது அங்க இருந்த இந்தியத் தொழிலாளர் சங்கம்.

அமெரிக்க கறுப்பர்கள் பதிலுக்கு என்ன செஞ்சாங்க?

நிறைய. ஒண்ணு மட்டும் சொல்றேன். 1970ல போலராய்டு கம்பெனியில வேலை பாத்த கரோலின் ஹண்டர்ங்கிற கெமிஸ்ட்டும் கென் வில்லியம்ஸ்ங்கிற போட்டோகிராபரும் சாப்பிடக் கிளம்பும்போது நோட்டீஸ் போர்டுல ஒரு மாதிரி அடையாள அட்டையப் பாத்தாங்க, அதுல தென்னாப்பிரிக்க சுரங்கத் துறை பேரு. அங்க கறுப்பர்கள் எங்க போனாலும் கையில வெச்சிருக்க வேண்டிய பாஸ்புக்குக்கு நம்ம கம்பெனி படம்தான் போகுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. போராட்டம் ஆரம்பிச்சாங்க, வேலை போச்சு, விடல. 1977ல போலராய்டு தென்னாப்பிரிக்காவ விட்டே வெளியேறிருச்சு. அப்புறம் 1984ல வாஷிங்டன்ல தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்னாடி தினமும் போராட்டக்காரங்க போயி கைதானாங்க, 1986ல ரீகன் வீட்டோ பண்ணியும் அத மீறி பொருளாதாரத் தடைச் சட்டம் வந்துச்சு.

எல்லாமே நல்லாத்தான் முடிஞ்சுதா?

இல்ல. நக்ருமா 1958லயே விசாரணை இல்லாம உள்ள தள்ற சட்டம் கொண்டு வந்தாரு, அவரை அரசியலுக்குள்ள கூட்டிட்டு வந்த டான்குவாவே 1965ல ஜெயில்ல செத்தாரு. அடுத்த வருஷம் ராணுவம் நக்ருமாவ தூக்கிருச்சு, அக்ராவுல குடியேறின அமெரிக்க கறுப்பர்கள்ல பல பேரு மூட்டை கட்ட வேண்டியதாச்சு. குளிக்கும்போது கதவத் தட்டின அதே செகூ டூரே பின்னாடி போய்ரோங்கிற சிறை முகாம்ல ஆயிரக்கணக்கானவங்கள அடைச்சு வெச்சாரு, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்போட முதல் பொதுச் செயலாளர் டியாலோ டெல்லி கூட அங்கதான் 1977ல செத்தாரு. கினியிலயே குடியேறின அமெரிக்க கறுப்பினப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல், நக்ருமா பேரையும் டூரே பேரையும் சேத்து குவாமே டூரேன்னு பேர் மாத்திக்கிட்டவரு, கடைசி வரைக்கும் டூரேவ விட்டுக்குடுக்கல. அவரு மேல எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒரு விஷயத்துல கிடையாது.

ஒரே ஒரு நாளக் காட்டி இதப் புரிய வைக்க முடியுமா?

ஒரு நாள் பத்தாது, ரெண்டு நாள்: 1963 ஆகஸ்ட் 27, 28. 28ஆம் தேதிதான் வாஷிங்டன்ல பெரிய பேரணி, கிங்கோட கனவுப் பேச்சு நடந்த நாள். அதே மேடையில 23 வயசு மாணவர் தலைவர் ஜான் லூயிஸ், ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுங்கிறது ஆப்பிரிக்காவோட குரல், அது எங்களோடதும்தான்னாரு. டுபாய்ஸ் செத்துட்டாருன்னு அந்தக் கூட்டத்துக்குச் சொன்னதும் அங்கதான். 27ஆம் தேதி, அக்ராவுல, கானா குடிமகனா, 95 வயசுல போயிட்டாரு.

அந்த ராத்திரி அக்ராவுல இருந்த அமெரிக்க கறுப்பர்கள், வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவா அங்க இருக்குற அமெரிக்கத் தூதரகம் முன்னாடி ஊர்வலம் போயிட்டு இருந்தாங்க, எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவும் அதுல ஒருத்தங்க. நடக்கும்போதே டுபாய்ஸ் போயிட்டாருங்கிற சேதி வாய் வழியா பரவுது. விடிஞ்சதும் தூதரகத்துலேர்ந்து ரெண்டு சோல்ஜர் கொடி ஏத்த வந்தாங்க, அதுல ஒருத்தன் கறுப்பன். அவனப் பாத்து கூட்டத்துலேர்ந்து கத்தினாங்களாம், அலபாமாவுல அந்தக் கொடி உன்னை மூடாதுடான்னு.